ஃபைபர் படகில் துருக்கறை நீக்கிய வேலையும் கறையின் ஊற்றைத் தேடிய வேலையும்

சித்தப்பாவும் நானும் பினாங்கின் பத்து மாவுங் கரையிலிருந்து மீன்பிடிக்க எடுத்துச் செல்லும் 18 அடி ஃபைபர் படகை அண்மையில் கரையேற்றி, பாயான் லெப்பாஸில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் டிரெய்லரோடு நிறுத்தி, அதன் வெள்ளைப் பரப்பில் இறங்கியிருந்த துருக்கறைகளை நீக்கினோம். ஜெரெஜாக் தீவு, ரீமாவ் தீவு என்று பக்கத்துக் கடலிலேயே ஓடும் படகு என்றாலும், உப்புக்காற்றும் ஆண்டு முழுவதும் விடாத ஈரமும் வெயிலும் சேர்ந்து, நாங்கள் வாங்கிய காலத்தில் இருந்த பளபளப்பை மங்கச் செய்திருந்தன. துருக்கறைக்கு என்ன மருந்து என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். மருந்து எளிது; அதற்கு அரை மணி நேரம் போதும். கறை எந்த இரும்பிலிருந்து புறப்படுகிறதோ அந்த இரும்பைக் கண்டுபிடித்து மாற்றாமல் மருந்தை மட்டும் பூசினால், அடுத்த மழைக்காலத்துக்குள் அதே கோடு அதே இடத்தில் திரும்பி வரும். அதனால் எங்கள் உழைப்பில் பெரும்பகுதி கறையின் ஊற்றைத் தேடுவதிலேயே போனது. அப்படிப் போனதுதான் முறை என்று உறுதியாக நம்புகிறேன்.

ஃபைபர் கண்ணாடி துருப்பிடிப்பதில்லை. ஆகவே அதன் மேல் தெரியும் ஒவ்வொரு துருக்கோட்டுக்கும் வெளியிலிருந்து வந்த ஓர் இரும்பு காரணமாக இருந்தே தீர வேண்டும். சோப்புநீரில் படகைக் கழுவி உப்பையும் அழுக்கையும் நீக்கிய பிறகு, கறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தபோது நான்கு வகை தெரிந்தன. அணியம் எனப்படும் முன்முனையிலும் பின்புறத்திலும் கயிறு கட்டும் கிளீட்டுகளின் அடியிலிருந்து நீளமாக இறங்கிய கோடுகள் ஒரு வகை. நங்கூரச் சங்கிலி கிடக்கும் அறையின் வடிகால் துளையிலிருந்து படகின் முகப்பில் வழிந்திருந்த அகலமான செம்பழுப்புப் பட்டை இன்னொரு வகை. இடப்பக்கத்தில் மட்டும் மிளகுத்தூள் தூவியதுபோல் சிதறிக் கிடந்த நுண்ணிய புள்ளிகள் மூன்றாவது. நீர்மட்டக் கோட்டை ஒட்டி முன்பக்கத்தில் படிந்திருந்த தேநீர் நிற மங்கல் நான்காவது. இவற்றுள் கிளீட்டுக்கு அடியில் இறங்கிய கோடுகளே என்னை அதிகம் கவலைப்பட வைத்தன. ஏனென்றால், போல்ட்டின் தலை வெளியே பளிச்சென்று இருக்க, கோடு மட்டும் அதன் அடியிலிருந்து கசிகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத உட்பகுதியில் உலோகம் அரிக்கப்படுகிறது என்றுதான் பொருள். கயிற்றின் முழு இழுவையையும் தாங்குவது அந்த உட்பகுதிதான்.

“கறையை முதலில் எடுத்துவிடலாமேப்பா, போல்ட்டை அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார் சித்தப்பா. நான் போல்ட்டை முதலில் கழற்றலாம் என்று கேட்டுக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. கிளீட்டைக் கழற்றினால்தான் அதன் அடியில் மறைந்திருக்கும் கறைக்கும் மருந்து போய்ச் சேரும். அதோடு, கசியும் துளையை அடைக்காமல் விட்டு அமிலம் பூசினால், அமிலமும் கழுவும் நீரும் மேல்தளத்துக்குள் இருக்கும் பலகையில் இறங்கிவிடும்; துளைகளை அடைத்த பிறகே அமிலத்தைக் கையில் எடுப்பது நல்லது. அவரும் ஒப்புக்கொண்டார்.

கிளீட்டின் நட்டுகள் மேல்தளத்துக்கு அடியில், கையை மட்டுமே நுழைக்கக்கூடிய ஓர் இடுக்கில் இருந்தன. சித்தப்பா மேலே போல்ட்டின் தலையைத் திருகாணித் திருப்பியால் அசையாமல் பிடித்துக்கொள்ள, நான் கீழிருந்து ஸ்பேனரால் நட்டை அவிழ்த்தேன். இரண்டு நட்டுகள் பாதி வழியில் இறுகி நின்றுவிட்டன. துருவேறா எஃகு தன் இனத்தோடே உரசும்போது மரைகள் ஒன்றோடொன்று கௌவிக்கொள்ளும் குணம் உடையது. அந்த நிலையில் மேலும் முறுக்கினால் போல்ட் முறிவதைத் தவிர வேறு எதுவும் நடக்காது. ஊடுருவும் எண்ணெய் விட்டுப் பார்த்தும் அசையாததால், அவற்றின் தலைகளை வெட்டி எடுத்தோம். வெட்டும் இடத்தைச் சுற்றி ஈரத்துணி விரித்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். வெட்டும்போது பறக்கும் பொறி ஒவ்வொன்றும் இரும்புத் துகள். அது விழுந்த இடத்தில் நாளைக்கு ஒரு புதிய கறை முளைக்கும்.

வெளியே வந்த போல்ட்டுகளில் ஒன்றை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். தலையும் அதை ஒட்டிய சிறு பகுதியும் புதியதுபோல் இருந்தன. நட்டு இருந்த முனையும் பரவாயில்லை. நடுவில், மேல்தளத்தின் தடிப்புக்குள் இருந்த பகுதி மட்டும் இடுப்பு ஒடுங்கி, கரும்பழுப்புப் பொடி அப்பி, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. 8 மில்லிமீட்டர் தடிப்புள்ள போல்ட் அங்கே கிட்டத்தட்ட பாதியாக இளைத்திருந்தது. அடுத்த பலத்த காற்றில் நங்கூரக் கயிறு இழுத்திருந்தால் அது தாங்கியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

இப்படி நடுவில் மட்டும் அரிப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. துருவேறா எஃகு துருப்பிடிக்காமல் இருப்பது, அதிலுள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலத்தை உருவாக்குவதால்தான். அந்தப் படலம் கீறல் விழுந்தால் தானே மீண்டும் மூடிக்கொள்ளும்; ஆனால் மூடிக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். பழைய அடைப்பு விலகிய துளைக்குள் உப்புநீர் புகுந்து தேங்கி நிற்கும்போது, அந்த இடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. உப்பிலுள்ள குளோரைடோ படலத்தைத் துளைத்துக்கொண்டே இருக்கிறது. வெளியே காற்று படும் தலை பளபளக்க, உள்ளே மூச்சுக்காற்று கிடைக்காத தண்டு கரைந்துபோகிறது. நல்ல வகை எஃகாக இருந்தாலும் நீர் தேங்கும் இடுக்கில் இது நடக்கும். மலிவான வகையில் விரைவாக நடக்கும்.

போல்ட் தலையில் A2 என்று பொறித்திருந்தது. A2 என்பது 304 என்ற வகைக்குச் சமமானது. ஏறத்தாழ நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கொண்டது, சமையலறைப் பாத்திரங்களுக்குப் பொருத்தமானது. கடலுக்கு வேண்டியது A4, அதாவது 316 வகை. அதில் கூடுதலாக 2 முதல் 3 பங்கு மாலிப்டினம் இருப்பதால் குளோரைடின் தாக்குதலை நன்றாகவே எதிர்த்து நிற்கும். கடையில் வாங்கும்போது இந்தப் பொறிப்பைப் பார்த்து வாங்குவதுதான் நம்பகமான வழி. காந்தம் வைத்துப் பார்த்து முடிவு செய்பவர்கள் உண்டு. இந்த இரண்டு வகைக்கும் அது உதவாது. இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாதவை, குளிர்நிலையில் அழுத்தி வடித்த போல்ட்டுகளில் இரண்டுமே சற்று ஒட்டவும் செய்யும். காந்தம் காட்டிக்கொடுப்பது, துத்தநாகப் பூச்சு மட்டும் கொண்ட சாதாரண இரும்புத் திருகாணியைத்தான். அப்படி ஒன்றும் எங்கள் படகில், பின்பக்கக் கைப்பிடியில், முந்தைய உரிமையாளர் காலத்திலிருந்தே இருந்தது. அதை அன்றைக்கே கழற்றி எறிந்தோம்.

துளைகளைச் சுற்றி மேல்தளத்தைத் திருகாணித் திருப்பியின் பிடியால் தட்டிக்கொண்டே போனோம். திடமான இடத்தில் கூர்மையான ஒலியும், உள்ளே மரப்பலகை ஊறிய இடத்தில் மந்தமான ஒலியும் கேட்கும். ஒரே ஒரு துளையைச் சுற்றி மட்டும் ஒலி மந்தமாக இருந்தது. வளைத்த எல்-சாவியை டிரில்லில் பொருத்தித் துளைக்குள் விட்டுச் சுழற்றி, ஊறிய மரத்துகளைக் கருப்பு நிறம் போய் வெளிர்நிறம் வரும்வரை சுரண்டி எடுத்தோம். பிறகு மின்விசிறியை வைத்து நன்றாக உலரவிட்டோம். மற்றத் துளைகளையும் வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, அடிப்பக்கத்தை டேப்பால் அடைத்து, முதலில் எப்பாக்ஸி என்னும் இறுகும் பிசினை நீர்த்த பதத்தில் ஊற்றி மரம் குடிக்கவிட்டு, அதன்மேல் சிலிக்காத் தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியை நிரப்பினோம். நம் ஊர் வெப்பத்தில் எப்பாக்ஸியைச் சிறு சிறு அளவாகவே கலக்க வேண்டும்; ஒரு குவளை நிறையக் கலந்து வைத்தால் அது தன் சூட்டிலேயே கொதித்து, தடவுவதற்குள் கல்லாகிவிடும். நன்றாக இறுகிய பிறகு அந்த எப்பாக்ஸிக் கட்டையின் நடுவில் 8 மில்லிமீட்டர் துளையைப் புதிதாகப் போட்டோம். இனிமேல் எப்போதாவது நீர் கசிந்தாலும் அது எப்பாக்ஸியைத்தான் தொடுமே தவிர, மரத்தைத் தொடாது.

இதற்குப் பிறகுதான் கறைக்கு வந்தோம்.

படகின் வெள்ளைப் பரப்பு ஜெல்கோட் எனப்படும் நிறமேற்றிய பாலியெஸ்டர் பிசின். அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். வெயிலில் வயதான ஜெல்கோட்டில் நுண்துளைகள் மிகுந்திருக்கும். துரு அவற்றுக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. அதனால்தான் சோப்பும் தூரிகையும் தோற்றுப்போகின்றன. உப்புத்தாளால் தேய்த்தால் கறை போகும், அதோடு அந்த அரை மில்லிமீட்டரில் ஒரு பங்கும் போகும். போனது திரும்ப வராது. குளோரின் பிளீச்சைத் தேடுபவர்கள் அதிகம். பிளீச் பாசியையும் பூஞ்சணத்தையும் வெளுக்கும். துருவை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் துரு ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு, பிளீச்சோ மேலும் ஆக்சிஜனேற்றும் பொருள். கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் ஆவியும் குளோரைடும் பக்கத்திலுள்ள துருவேறா எஃகு, அலுமினியம், டிரெய்லரின் துத்தநாகப் பூச்சு ஆகிய அனைத்தையும் தாக்கும். துருக்கறையை எடுக்கப்போய்த் துருக்கறைக்கு விதை போடுவதாகிவிடும்.

நாங்கள் பயன்படுத்தியது ஆக்ஸாலிக் அமிலம். வேதிப்பொருள் கடைகளில் வெள்ளைப் படிகமாகக் கிடைக்கும். மரத்தின் கருமையை வெளுக்கவும் இதையே பயன்படுத்துகிறார்கள். இது துருவைத் தேய்த்து எடுப்பதில்லை. இரும்பு அயனியைப் பற்றிக்கொண்டு, நீரில் கரையும் இரும்பு ஆக்ஸாலேட்டாக மாற்றி, நுண்துளையிலிருந்து வெளியே கொண்டுவருகிறது. ஜெல்கோட்டைத் தொடுவதில்லை. எலுமிச்சைச் சாற்றிலுள்ள சிட்ரிக் அமிலமும் இதே வழியில் வேலை செய்யக்கூடியதே. இளங்கறைக்கு அது போதும், பழைய கறைக்கு ஆக்ஸாலிக் அமிலமே தேவைப்பட்டது.

ஆனால் இது நஞ்சு என்பதை மறக்கக்கூடாது. உடலுக்குள் போனால் இரத்தத்திலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கும். தோலை அரிக்கும், தூள் மூக்கில் ஏறினால் எரியும், கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. கையுறைக்கு நம் நாட்டில் பஞ்சமே இல்லை. நைட்ரைல் கையுறை, கண்ணை முழுதும் மூடும் கண்ணாடி, படிகத்தை அளக்கும்போது முகக்கவசம் ஆகியவை இல்லாமல் பொட்டலத்தைத் திறக்கவே கூடாது. யாராவது அதே பரப்பில் முன்பு பிளீச் தடவியிருந்தால், முதலில் அதை நல்ல தண்ணீரால் முழுதாகக் கழுவிவிட வேண்டும். பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

படகின் பக்கவாட்டுச் சுவர் செங்குத்தானது. நீர்த்த கரைசலை அதில் தடவினால் நிற்காமல் வழிந்துவிடும். அதனால் பசையாகச் செய்துகொண்டோம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 60 கிராம் சோள மாவைக் கரைத்து, கூழ் பதத்துக்குக் காய்ச்சி, அதைப் பிளாஸ்டிக் வாளியில் ஊற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோய், கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு 60 கிராம் ஆக்ஸாலிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகத் தூவி மரக்குச்சியால் கலக்கினேன். கொதிக்கும் கூழில் போட்டால் அமிலம் மாவுச்சத்தை உடைத்துக் கூழை நீராக்கிவிடும். அமிலம் கலக்கும் வேலை எதுவும் சமையலறைக்குள் நடக்கக்கூடாது. அலுமினியப் பாத்திரமும் ஆகாது. அந்த வாளியும் குச்சியும் இனி வேறு எந்த வேலைக்கும் பயன்படக்கூடாது. வாளியின் மேல் கெட்டியான மையில் எழுதி ஒட்டிவிட்டேன்.

மாலையில், வெயில் தாழ்ந்த பிறகே பசையைத் தடவினோம். நிழல் வேண்டும் என்பதற்குப் பசை காய்ந்துவிடும் என்பது மட்டும் காரணமன்று. கரைந்த இரும்பு ஆக்ஸாலேட் ஒளிக்கு உணர்வுள்ளது. கடும் வெயில் பட்டால் அது நீரில் எளிதில் கரையாத மஞ்சள் நிறப் பொருளாக மாறி, பழுப்புக் கறை இருந்த இடத்தில் மஞ்சள் கறையாகப் படியும். வேலை செய்யும் பரப்பை நல்ல தண்ணீரால் நனைத்து, என்ஜினின் அலுமினியக் காலையும் டிரெய்லரின் சட்டங்களையும் பிளாஸ்டிக் தாளால் மூடி, எப்பாக்ஸி அடைத்த துளைகளின்மேல் டேப் ஒட்டி, கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பார்த்த பின்பு, நைலான் தூரிகையால் கறையின்மேல் சில மில்லிமீட்டர் தடிப்பில் பூசினோம். அதன்மேல் உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டியதால் பசை காயாமல் ஈரமாகவே நின்றது.

அருகில் நின்று பார்த்தால் வேலை நடப்பது தெரியும். பத்து நிமிடங்களில் கோட்டின் ஓரங்கள் கலங்கத் தொடங்கின; வெள்ளைப் பசை கறையைத் தொட்ட இடங்களில் மட்டும் இளம் பச்சை கலந்த மஞ்சளாக நிறம் மாறி, கோட்டின் வடிவமே பசையின் மேற்பரப்பில் மங்கலாகத் தெரிந்தது. இரும்பு ஜெல்கோட்டை விட்டுப் பசைக்குள் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிறமே சாட்சி. அரை மணி நேரம் கழித்துப் பிளாஸ்டிக் கரண்டியால் பசையை வழித்து எடுத்தபோது, மெல்லிய கோடுகள் முற்றிலும் மறைந்திருந்தன. கிளீட்டின் அடியில் இருந்த பழைய கறை மட்டும் வெளிறி நின்றது. அதற்குப் புதுப் பசை இன்னொரு முறை தேவைப்பட்டது. அழுத்தித் தேய்க்க எந்த இடத்திலும் வேண்டியிருக்கவில்லை. கறை போகவில்லை என்றால் இன்னும் நேரம் கொடுக்க வேண்டும். வலிமை கொடுக்கக் கூடாது.

கழுவும் தண்ணீர் நல்ல தண்ணீராக மட்டுமே இருக்க வேண்டும். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அது ஆக்ஸாலிக் அமிலத்தைச் சந்தித்தவுடன் கரையாத கால்சியம் ஆக்ஸாலேட்டாக மாறி, கழுவிய பரப்பில் வெள்ளை மங்கலாகப் படிந்துவிடும். படகைக் கடலில் வைத்தே சுத்தம் செய்யும்போது வாளியால் கடல்நீரை மொண்டு ஊற்றும் வழக்கம் பலருக்கு உண்டு; இந்த வேலையில் அதைத் தவிர்க்க வேண்டும்.

அதே வேதிவினை கழிவை அகற்றும்போது நமக்கு உதவியாக மாறுகிறது. வழித்தெடுத்த பசையையும் முதல் கழுவலின் தண்ணீரையும் அகலமான தட்டுகளில் பிடித்து வாளியில் சேர்த்து, அதில் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினோம். உடனே பால்போல் வெண்மை திரண்டது. மறுநாள் காலையில் அடியில் வெள்ளைச் சேறாகப் படிந்திருந்தது. அந்தச் சேறுதான் கால்சியம் ஆக்ஸாலேட், கரையாதது. அமிலம் மிச்சமில்லை என்று லிட்மஸ் தாளால் பார்த்துவிட்டு, தெளிந்த நீரை நிறையத் தண்ணீரோடு கலந்து வெளியேற்றி, சேற்றைப் பையில் கட்டிக் குப்பையில் சேர்த்தோம். வீட்டு வாசலில் ஓடும் லோங்காங் என்னும் வடிகால் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது; நாம் மீன் பிடித்துத் தின்னும் அதே கடலுக்கு அமில நீரை அப்படியே விடுவதற்கு மனம் வரவில்லை.

இடப்பக்கத்துப் புள்ளிகள் வேறு கதை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு கருந்துகள் இருந்தது. விரலால் தடவினால் சொரசொரப்பாக இருந்தது. படகு முன்பு நிறுத்தப்பட்டிருந்த இடத்தின் அருகில் இரும்பு வெட்டும் பட்டறை ஒன்று இருந்தது; அதன் பக்கம் நோக்கி நின்ற இடப்புறத்தில் மட்டும் புள்ளிகள் இருந்ததால் காரணம் தெளிவாயிற்று. சூடான இரும்புப் பொறி ஜெல்கோட்டில் உருகி ஒட்டி, பிறகு துருப்பிடித்திருக்கிறது. இங்கே பழுப்பு நிறத்தை மட்டும் எடுத்தால் துகள் உள்ளேயே இருந்து மறுபடியும் துருப்பிடிக்கும். கார் துலக்கும் கடைகளில் கிடைக்கும் இரும்புத்துகள் நீக்கியைத் தெளித்தோம். தயோகிளைக்கோலேட் உப்பு கலந்த அந்த நீர், இரும்பைத் தொட்டவுடன் ஊதா நிறமாக மாறும். வெள்ளைச் சுவர் முழுவதும் ஊதாக் கண்ணீர் வழிந்ததைப் பார்த்த பிறகுதான் எத்தனை துகள்கள் இருந்தன என்பது புரிந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். கழுவிவிட்டு, கார் துலக்கும் களிமண் கட்டியைச் சோப்புநீரில் வழுக்கிவிட்டதும் மிஞ்சிய துகள்கள் கட்டியோடு வந்துவிட்டன. நீர்மட்டக் கோட்டின் தேநீர் நிற மங்கலுக்கு, மீதமிருந்த ஆக்ஸாலிக் பசையை மெல்லியதாக ஒருமுறை பூசியதே போதுமாக இருந்தது.

சங்கிலியின் கதையை விரைவில் சொல்லிவிடலாம். துத்தநாகப் பூச்சு நங்கூரத்துக்கு அருகிலுள்ள பகுதியில் மட்டும் மணலிலும் சேற்றிலும் உரசித் தேய்ந்து, கண்ணிகள் சிவந்திருந்தன. மறுமுனை நன்றாக இருந்தது. சங்கிலியைத் தலைகீழாக மாற்றி நல்ல முனையை நங்கூரத்தோடு இணைத்தோம். சிவந்த முனை துளையிட்ட பிளாஸ்டிக் கூடையில் கிடக்கும்படி வைத்ததால் அது இனி அறையின் தரையைத் தொடாது. திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் அறைக்குள் நல்ல தண்ணீர் ஊற்றுவதைச் சித்தப்பா தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். முழுச் சங்கிலியும் சிவக்கும் காலத்தில் மறுபடி துத்தநாகம் முக்கவோ புதிது வாங்கவோ வேண்டியிருக்கும்.

கிளீட்டுகளைத் திரும்பப் பொருத்தும்போது அவசரம் கூடாது. துளையின் மேல்விளிம்பைச் சாய்வாகச் சிறிது செதுக்கிக்கொண்டோம்; அந்தச் சாய்வில் அடைப்புப் பொருள் வளையமாகத் தங்கிப் போல்ட்டின் கழுத்தைச் சுற்றி அணைக்கும். முன்பு யாரோ தடவியிருந்த சிலிக்கோன் ஒவ்வொரு துளையிலும் எண்ணெய்ப்பசையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் எதுவும் ஒட்டாது என்பதால் பிளாஸ்டிக் சுரண்டியாலும் கரைப்பானாலும் முழுதாக நீக்க வேண்டியிருந்தது. புதிதாக வைத்தது பியூட்டைல் டேப் என்னும் பிசுபிசுப்பான ரப்பர் அடைப்பு நாடா. அதைக் கூம்பாக உருட்டிப் போல்ட்டின் தலைக்கு அடியில் சுற்றி, கிளீட்டை வைத்து, கீழே கெட்டியான ஃபைபர் தகட்டைத் தாங்கலாகக் கொடுத்து, மரையில் இறுகல் தடுக்கும் பசை தடவி, A4 போல்ட்டுகளைப் பொருத்தினோம். மேலே தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு கீழே நட்டை மட்டுமே திருக வேண்டும். தலையைச் சுழற்றினால் சுற்றிவைத்த பியூட்டைல் கிழிந்துவிடும். ஒரேயடியாக இறுக்காமல், டேப் மெல்லப் பிதுங்கி வெளியே வர இடம்கொடுத்து, சில நாள் இடைவெளியில் மறுபடியும் சிறிது சிறிதாக இறுக்கினோம். வெப்பத்தில் பியூட்டைல் இளகுவதால் நம் ஊரில் இது விரைவாகவே அடங்கிவிடுகிறது. பெட்ரோல் ஊற்றும் மூடியைச் சுற்றி மட்டும் பியூட்டைல் வைக்கக்கூடாது. பெட்ரோல் அதைக் கரைக்கும், அங்கே பாலிசல்ஃபைடு வகை அடைப்புப் பொருளே பொருந்தும்.

கைப்பிடிக் கம்பியின் பற்றவைத்த மூட்டுகளில் இருந்த தேநீர் நிறத்தைச் சிட்ரிக் அமிலக் கரைசலாலும் நைலான் நாராலும் எடுத்தோம். இரும்பு நாரைக் கையால்கூடத் தொடக்கூடாது; அது உடைந்து விட்டுச்செல்லும் இழைகள் ஒரு வாரத்தில் புதுப் புள்ளிகளாகும்.

ஆக்ஸாலிக் அமிலம் கறையோடு பழைய மெழுகையும் எடுத்துவிடுகிறது. மெழுகில்லாத ஜெல்கோட் அடுத்த கறையை எளிதில் குடிக்கும். காம்பவுண்ட் எனப்படும் மெல்லிய துலக்கும் பசையால் ஒருமுறை துலக்கி, கார்னோபா மெழுகை இரண்டு பூச்சாகக் கொடுத்தோம். பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகை வடக்கில்தான் இருக்கிறது; இங்குள்ள வெயிலில் மெழுகு சில மாதங்களுக்கு மேல் தாங்காது. பரப்பில் தண்ணீர் முத்தாகத் திரளாமல் விரிந்து ஓடத் தொடங்கும்போது மறுபடி பூச வேண்டும்.

அணியத்தின் வலப்பக்கக் கிளீட்டின் அருகில் மயிரிழை விரிசல் ஒன்றில் மட்டும் மெல்லிய பழுப்பு இன்னும் நிற்கிறது. பசை பலமுறை பட்டும் அது போகாததற்குக் காரணம், விரிசல் ஜெல்கோட்டைத் தாண்டி உள்ளே போயிருப்பதே. அதைச் சிறு அரவைக் கருவியால் விரித்து, ஜெல்கோட் பசையில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு இறுகவைக்கும் திரவத்தைக் கலந்து நிரப்பி, காற்றுப் பட்டால் மேற்பரப்பு இறுகாமல் ஒட்டும் என்பதால் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்து, பிறகு 800 முதல் 2000 வரையிலான எண்ணுள்ள உப்புத்தாளால் நனைத்துத் தேய்க்க வேண்டும். நிறம் பொருந்தும் ஜெல்கோட்டைச் சித்தப்பா கடையில் சொல்லிவைத்திருக்கிறார். அது வந்ததும் அந்த வேலையையும் முடித்துவிட்டுத்தான் படகை இறக்குவோம்.